முரண்படலாம், மக்களே

என் பேத்திக்கு வயது 16. கடவுள் இல்லை என்று அடித்துச் சொல்வாள். ஞாயிற்றுக்கிழமை சாமித்தோப்புப் பதிக்கு, அதாவது அய்யாவழிக் கோயிலுக்கு, போகலாமா என்றால் முதல் ஆளாகக் கிளம்பிவிடுவாள். அங்கே சிலை இல்லை, கண்ணாடிதான் இருக்கிறது, அதனால் பிடிக்கிறது என்பாள். இட ஒதுக்கீடு பற்றிக் காலையில் ஒன்று பேசுவாள், ராத்திரிச் சாப்பாட்டில் வேறொன்று பேசுவாள். "ஒண்ணுல நில்லு, இல்லைன்னா பேசாத" என்று அவள் அப்பா அதட்டுகிறான். நான் பேத்தியின் பக்கம். செல்லத்தால் அல்ல. அதற்கான காரணத்தை அவளுக்கும், அவள் வயதிலிருக்கும் உங்களுக்கும் சொல்ல வேண்டும்.

பகத்சிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். தொப்பி வைத்த படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 1930-இல் லாகூர்ச் சிறையில் இருந்துகொண்டு, தான் ஏன் நாத்திகன் ஆனேன் என்று ஒரு கட்டுரை எழுதினார். வயது 23. அதில் அவர் தன் பழைய நம்பிக்கைகளில் எதையும் மறைக்கவில்லை. தாத்தா ஆரிய சமாஜப் பற்றுள்ளவர். பள்ளி விடுதியில் காலை மாலைப் பிரார்த்தனை போதாதென்று மணிக்கணக்கில் காயத்ரி மந்திரம் சொன்ன பையன் இவர். பிறகு கல்லூரிக் காலத்தில் சீக்கியர் வழக்கப்படி முடி வளர்த்தார். ஆனால் சீக்கியத்தின் கோட்பாட்டிலோ வேறெந்த மதத்தின் கோட்பாட்டிலோ அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அதே நேரத்தில் கடவுள் உண்டு என்பதில் உறுதியாகவும் இருந்தார். வெளித்தோற்றம் ஒரு பக்கம், மனம் இன்னொரு பக்கம். அந்த வயதில் அவரை யாராவது பார்த்திருந்தால், இந்தப் பையனுக்கு ஒரு நிலை இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

அந்த முரணை அவர் அவசரமாக மூடவில்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. புரட்சி இயக்கத்தின் பொறுப்பு தோளில் விழுந்தபோது, எதிர்த்தரப்பார் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் அளவுக்குப் படிக்க வேண்டும் என்று தனக்குத்தானே விதித்துக்கொண்டார். பகூனின், மார்க்ஸ், லெனின் என்று படித்தார். 1926-இன் முடிவில்தான் கடவுள் இல்லை என்ற முடிவுக்கு வந்தார். அடுத்த ஆண்டே போலீஸ் பிடித்தது. காவலில் அதிகாரிகள் அவரைப் பிரார்த்தனை செய்யச் சொல்லி வற்புறுத்தினார்கள். நிம்மதியாக இருக்கும்போது மட்டும் பேசுகிற நாத்திகமா, நெருக்கடியிலும் நிற்கிற நாத்திகமா என்று யோசித்துப் பார்த்துவிட்டு, பிரார்த்தனை செய்வதில்லை என்று முடிவெடுத்தார். நீங்கள் ஆத்திகராக இருங்கள், நாத்திகராக இருங்கள், அது உங்கள் பாடு. ஆனால் ஒரு கருத்து சொந்தமாவதற்கு இவ்வளவு வேலை இருக்கிறது.

அந்தக் கட்டுரையைத் தமிழாக்கியதற்காகச் சிறைக்குப் போனவர் எங்கள் நாஞ்சில் நாட்டுக்காரர். பூதப்பாண்டியில் பிறந்த ப. ஜீவானந்தம். பகத்சிங் பிறந்த அதே 1907-இல் பிறந்தவர். கதர் கட்டிய காந்தியர். அந்தக் காந்திக்கே, வருணாசிரமம் பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கமுடியாது என்று எழுதியவர். பிறகு சுயமரியாதை இயக்கம், பிறகு கம்யூனிஸ்ட் கட்சி. கம்பராமாயணத்தைக் கொளுத்த வேண்டும் என்ற குரல் ஒலித்த காலத்தில், பொருள்முதல்வாதியான இவர் மேடையேறிக் கம்பனைக் கொண்டாடினார். கட்சி மாறியவர் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. மாறாமல் இருந்தது எது என்று பாருங்கள். பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்தபோதே, ஒடுக்கப்பட்ட சாதி நண்பர்களை அவர்கள் நடக்கக்கூடாது என்று தடுக்கப்பட்ட தெருக்களுக்கு அழைத்துப் போனவர் அவர். அதனால் அப்பாவோடு மோதல் வந்தது, வீட்டை விட்டு வெளியேறினார். சாதி பார்க்கக்கூடாது என்ற அந்த ஒன்றில் மட்டும் அவர் கடைசிவரை இறங்கி வரவில்லை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான். கடவுள், பொருளாதாரம், எந்தக் கட்சி என்பதெல்லாம் காத்திருக்கலாம். பத்து வருஷம்கூட ஆகட்டும். ஆனால் வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குத் தனி டம்ளர் வைத்திருந்தால், அது இன்றைக்கே மாற வேண்டும். அதற்கு எந்தப் புத்தகமும் படித்து முடிக்கத் தேவையில்லை. சாதி கூடாது என்று வாயால் சொல்லிவிட்டு, வகுப்பில் ஒருவனின் ஊரையும் தெருவையும் விசாரித்து அவன் யார் என்று கணக்குப் போடுவதை முரண் என்றுகூட நான் சொல்லமாட்டேன். அது பொய்.

இன்னொரு பயம் எனக்கு உண்டு. இப்போதெல்லாம் கருத்துகள் கட்டுக்கட்டாக வருகின்றன. போனில் ஒரு வீடியோவை முழுதாகப் பார்த்தால், அதே தரப்பின் அடுத்த வீடியோக்கள் தானாக வரிசை கட்டுகின்றன. மொழியைப் பற்றி நீ இப்படி நினைத்தால் மதத்தைப் பற்றியும் அப்படித்தான் நினைக்க வேண்டும், இந்தத் தலைவரைப் பிடித்தால் அந்த நடிகரை வெறுக்க வேண்டும் என்று எல்லாம் முடிவு செய்து கொடுத்துவிடுகிறார்கள். அப்படி வாங்கிக்கொண்ட கருத்துகளில் முரணே இருக்காது, யாரோ முன்கூட்டியே சரிபார்த்துவிட்டதால். உன் பேச்சில் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் நிற்கிற இடங்கள்தான் நீயாக யோசித்த இடங்கள். அவற்றை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வை. எதிர்த்தரப்பின் நல்ல புத்தகம் ஒன்றையாவது கடைசிப் பக்கம்வரை படி. கருத்து மாறினால், மாறியது என்று வெளிப்படையாகச் சொல்.

நம் அரசியலமைப்புச் சட்டத்தையே பாருங்கள். 25-ஆவது பிரிவு மனச்சான்றின் சுதந்திரத்தையும் மதத்தைப் பின்பற்றும் உரிமையையும் தருகிறது. 1976-இல் சேர்க்கப்பட்ட 51அ பிரிவு, அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்கிறது. நம்பவும் இடம் உண்டு, கேள்வி கேட்கவும் கடமை உண்டு. ஒரு நாடே இரண்டையும் சேர்த்துச் சுமக்கும்போது, 16 வயதுப் பெண் சுமக்கக்கூடாதா?

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளை முரணாகப் பேசும்போது சிரிக்காதீர்கள், அதட்டாதீர்கள். ஏன் அப்படி நினைக்கிறாய் என்று கேட்டுவிட்டுப் பதில் முடியும்வரை உட்கார்ந்திருங்கள். வீட்டில் கேட்க ஆள் இல்லாத பிள்ளையைக் கேட்டுக்கொள்ள வெளியே நிறையப் பேர் காத்திருக்கிறார்கள்.

எல்லாக் கட்சியும் ஒன்றுதான், நான் ஓட்டுப் போடவே மாட்டேன் என்று சொல்கிற என் பேத்தி, தேர்தல் முடிவு வரும் நாளில் டிவியை விட்டு நகர்வதில்லை. அந்த அக்கறையை நான் நம்புகிறேன். வாக்களிக்கும் வயது முன்பு 21 ஆக இருந்தது. 1989-இல்தான் 18 ஆனது. இப்போது 17 வயதானதும் வாக்காளர் பட்டியலில் சேர முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். படிவம் 6. மக்களே, அடுத்த பிறந்தநாளுக்குப் பிறகு அதை நிரப்பிக் கொடுத்துவிடு. யாருக்குப் போடுவாய் என்று நானோ உன் அப்பாவோ கேட்கமாட்டோம்.