மேடவாக்கம் இல்லை, பெரும்பாக்கம்!

(11-ஆம் வகுப்பு மாணவி ஒருத்தி)



இந்த மாதச் சுவர் இதழுக்கு 'நான் பார்க்க ஆசைப்படும் ஊர்' என்று தலைப்பு கொடுத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, பாதிப் பேர் கொரியா என்றுதான் எழுதுவீர்கள்! நம் வகுப்பில் கொரிய நாடகம் பார்க்காதவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நானும் கொரியாதான். ஆனால் சியோல் இல்லை. சியோலுக்குத் தென்கிழக்கே, நகரத்தின் நடுவிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் சொங்நாம்.

'அது எங்கடீ இருக்கு?' என்று கேட்பீர்கள். சொல்கிறேன். அதற்கு முன்னால் நான் சொன்ன ஒரு பொய்யைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒன்பதாம் வகுப்பில் 'என் வீட்டிலிருந்து பள்ளிக்கு' என்று ஒரு வரைபடம் வரையச் சொன்னார்கள். ஞாபகம் இருக்கிறதா? நான் மேடவாக்கத்தில் ஒரு வீடு வரைந்தேன். வாசலில் வேப்ப மரம் வேறு! அங்கிருந்து கேம்ப் ரோடு, அப்புறம் கிழக்குத் தாம்பரம். டீச்சர் சிவப்பு மையில் 'நன்று' என்று எழுதிக் கொடுத்தார். அந்த 'நன்று' இன்றுவரை என்னைக் குத்துகிறது. ஏனென்றால் என் வீடு மேடவாக்கத்தில் இல்லை. இன்னும் கொஞ்சம் தள்ளி, பெரும்பாக்கத்தில், எட்டு மாடிக் குடியிருப்பில், ஆறாவது மாடியில். வாசலில் மரம் கிடையாது. எதிர் வீட்டுக் கதவுதான் உண்டு.

ஏன் பொய் சொன்னேன்? ஒரு நாள் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா ஒருத்தர் ரொம்பப் பிரியமாகப் பேசிக்கொண்டு வந்தார். 'எங்கம்மா இறங்கணும்?' என்று கேட்டார். 'பெரும்பாக்கம், மாடி வீட்டாண்ட' என்றேன். அவ்வளவுதான். மடியில் இருந்த கைப்பையை எடுத்து அந்தப் பக்கம் வைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. பேசியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

நாங்கள் முதலில் சைதாப்பேட்டைப் பக்கம் அடையாற்றங்கரையில் இருந்தோம். 2015 டிசம்பர் வெள்ளம் உங்கள் எல்லாருக்கும் தெரியும். எங்களுக்கு அது வீட்டுக்குள்ளேயே வந்தது. அதன் பிறகு அடையாறு, கூவம் கரைகளில் இருந்த ஏராளமான குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு மாற்றினார்கள். இங்கே இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இருக்கின்றன. ஒரு ஊரையே மாடி மாடியாக அடுக்கி வைத்த மாதிரி! நாங்கள் வந்தபோது எனக்கு எட்டு வயசு. பீரோ லிஃப்டுக்குள் நுழையவில்லை. அப்பாவும் சித்தப்பாவும் கயிறு கட்டி ஆறு மாடிக்கும் படியிலேயே தூக்கினார்கள். அம்மா ஸ்டவ் பற்றவைத்துப் பால் காய்ச்சினார். கொடுப்பதற்கு அந்தத் தளத்தில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை.

இனி சித்தப்பா கதை. தாம்பரத்தில் விடிகாலையில் வரிசையாகக் கம்பெனி பஸ்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் போகிறவை. 1996-ல் ஹூண்டாய் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. 1998-ல் அங்கிருந்து முதல் சான்ட்ரோ கார் வெளியே வந்தது. அதன் பின்னால் உதிரி பாகம் செய்யும் கொரியக் கம்பெனிகளும், ஆயிரக்கணக்கில் கொரியர்களும் வந்தார்கள். அப்படி வந்த ஒருவருக்குத்தான் சித்தப்பா கார் ஓட்டுகிறார். எங்கள் வீட்டில் அவர் பெயர் 'கொரியா சாரு'.

ஒரு நாள் சித்தப்பாவுக்கு நேரமாகிவிட்டது. 'சாரி சார், வீடு தூரம், பெரும்பாக்கம்' என்று அரைகுறை ஆங்கிலத்தில் சொல்லி, எல்லாரையும் ஆற்றங்கரையிலிருந்து இங்கே கொண்டுவந்த கதையையும் சொல்லியிருக்கிறார். கொரியா சாரு கொஞ்ச நேரம் பேசவே இல்லையாம். அப்புறம் சொன்னாராம், 'எங்க அம்மாவும் அப்படித்தான் வந்தாங்க. லாரியில ஏத்தி மலை மேல இறக்கிட்டாங்க. சொங்நாம்.'

சித்தப்பா வீட்டுக்கு வந்து, 'பாப்பா, கொரியாலயும் ஒரு பெரும்பாக்கம் கீதாம்மே!' என்றார். நான் நம்பவில்லை. நாடகத்தில் பார்க்கும் கொரியாவில் குடிசை ஏது? மறுநாளே கம்ப்யூட்டர் லேபில் உட்கார்ந்து தேடினேன். வாய் பிளந்துவிட்டேன்!

1960-களில் சியோலில் ஓடைக்கரைகளிலும் மேடுகளிலும் ஆயிரமாயிரம் குடிசைகள் இருந்தன. அவற்றை அகற்ற முடிவு செய்து, 1969 முதல் மக்களை இந்த மலைச்சரிவுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு குடும்பத்துக்கு 20 பியோங் நிலம். நம் கணக்கில் சுமார் 710 சதுர அடி. வீடு அல்ல, வெறும் நிலம்! கூடாரம் போட்டுக்கொண்டு இருந்தார்கள். குடிதண்ணீர் இல்லை, கழிப்பறை இல்லை, பக்கத்தில் வேலையும் இல்லை. வேலை இருந்ததோ சியோலில். இரண்டே வருடத்தில் அங்கே ஒரு லட்சம் பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். அதன் மேல் 'நிலத்துக்கு மொத்தப் பணம் கட்டு, வரி கட்டு' என்று நோட்டீஸ் வந்தது. 1971 ஆகஸ்ட் 10 அன்று, சியோல் மேயர் நேரில் வந்து பேசுவார் என்று மழையில் பல்லாயிரம் பேர் காத்து நின்றார்கள். சொன்ன நேரத்துக்கு அவர் வரவில்லை. பொறுமை உடைந்தது. வண்டிகள் எரிந்தன. அன்றைக்கே அவர்களுடைய கோரிக்கைகளை ஏற்றுக்கொள்வதாக அறிவித்தார்கள். 1973-ல் சொங்நாம் தனி நகரமானது.

எரித்தது சரி என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தச் சம்பவத்தை ரொம்ப காலம் 'கலவரம்' என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஐம்பது வருடம் கழித்து, 2021-ல், அந்த நகர நிர்வாகமே அதற்கு 'மக்கள் உரிமை இயக்கம்' என்று பெயர் மாற்றியது. ஊர் அதேதான், சம்பவமும் அதேதான். பெயர் மாறியதும் அந்த ஊர்ப் பாட்டிமார்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன்.

கதை அதோடு முடியவில்லை. 1989-ல் கொரிய அரசு சியோலைச் சுற்றி ஐந்து புது நகரங்கள் கட்டுவதாக அறிவித்தது. அவற்றில் ஒன்று புந்தாங். அது இதே சொங்நாமுக்குள்தான் வருகிறது! சுமார் 3 லட்சத்து 90 ஆயிரம் பேருக்குத் திட்டம் போட்டு, 1991-லேயே குடியேற்றம் தொடங்கிவிட்டது. 1994-ல் ரயிலும் வந்தது. அகலமான சாலை, பூங்கா, ஓடைக்கரையில் நடைபாதை என்று ஊரே பளபளவென்று ஆனது. 'சொர்க்கத்துக்கு அடுத்தபடி புந்தாங்' என்று கொரியர்கள் வேடிக்கையாகச் சொல்வார்களாம். பக்கத்திலேயே பாங்யோ என்ற இடத்தில் கணினி விளையாட்டு, செயலி செய்யும் பெரிய பெரிய கம்பெனிகள். நம்முடைய ஓ.எம்.ஆர். மாதிரி!

நிலா பூமியைச் சுற்றுவது போல, ஒரு பெரிய நகரத்தை ஒட்டி வளரும் ஊரைத் துணைக்கோள் நகரம் என்கிறோம். ஜி.எஸ்.டி. ரோட்டில் இருக்கும் மறைமலை நகர் அப்படித் திட்டமிட்டதுதான். சொங்நாமில் ஒரே நகரத்துக்குள் இரண்டு நிலா இருக்கிறது. மலைச்சரிவில் பழைய ஊர், சமவெளியில் புதிய ஊர். எங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் சோழிங்கநல்லூர் கண்ணாடிக் கட்டடங்கள் தெரியும். ராத்திரியில் அவ்வளவு அழகு! எங்கள் தளத்து அக்காக்கள் அங்கேதான் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போகிறார்கள். இங்கேயும் இரண்டு நிலாதான்.

* கொஞ்சம் கொரியா... கொஞ்சம் நம்மூர்... *

* சொங்நாம் என்றால் 'கோட்டைக்குத் தெற்கு' என்று பொருள். மேலே மலையில் இருக்கும் நம்ஹான் மலைக்கோட்டை 2014-ல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. எங்கள் பெரும்பாக்கத்தில் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனமே இருக்கிறது, தெரியுமா? பக்கத்துப் பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது.

* நமக்குப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை. அவர்களுக்கு மோரான் சந்தை. 4, 9 என்று முடியும் தேதிகளில் மட்டும் கூடும். மிளகாய், எண்ணெய், மருந்து வேர் எல்லாம் கிடைக்கும்.

* அப்பாவை அவர்களும் 'அப்பா' என்கிறார்கள். அம்மா 'ஒம்மா'. நாள் 'நல்', புல் 'புல்'. ஆனால் இதை வைத்து இரண்டும் ஒரே குடும்பத்து மொழி என்று மொழியறிஞர்கள் ஏற்பதில்லை. அதனால் பரீட்சையில் எழுதிவிடாதீர்கள்!

* புது வீட்டுக்குக் குடிபோனால் சிவப்புப் பயறு போட்ட அரிசிப் பலகாரம் செய்து அக்கம்பக்கத்தாருக்குக் கொடுப்பது அவர்கள் வழக்கம். பார்க்க வருகிறவர்கள் துணி சோப்புத் தூளும் டாய்லெட் பேப்பர் சுருளும் பரிசாகக் கொண்டுவருவார்கள். சிரிக்காதீர்கள்! நுரை பொங்குவது போலச் செல்வம் பொங்கட்டும், சுருள் அவிழ்வது போலக் காரியம் தடையில்லாமல் நடக்கட்டும் என்று அர்த்தமாம். நாம் பால் பொங்கவைக்கிறோம், அவர்கள் நுரை பொங்கவைக்கிறார்கள்.

* * *

இன்னொரு செய்தி. 1976-ல் ஓர் ஏழைக் குடும்பம் கிராமத்திலிருந்து சொங்நாம் பழைய ஊருக்கு வந்தது. அந்த வீட்டுப் பையன் பள்ளிக்கூடம் போகவேண்டிய வயசில் தொழிற்சாலைக்குப் போனான். இயந்திரத்தில் மாட்டிக் கை ஊனமானது. தானாகவே படித்து வக்கீலானார். அதே சொங்நாமுக்கு மேயரானார். 2025 ஜூனில் தென் கொரியாவின் அதிபராகிவிட்டார்! பெயர் லீ ஜே மியுங். அவருடைய கட்சி, அரசியல் எல்லாம் எனக்குத் தெரியாது, அது நமக்கு வேண்டாம். ஆனால் அந்த ஊர்ப் பெயரைச் சொல்லத் தயங்கிய பிள்ளைகள் அன்று என்ன நினைத்திருப்பார்கள்?

அவ்வளவு தூரம் போவானேன்? நமக்குப் பக்கத்திலேயே, 2000-க்குப் பிறகு இதே மாதிரி மக்களைக் குடியேற்றிய கண்ணகி நகர் இருக்கிறது. 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் ஆடிய கார்த்திகா அந்த ஊர்க்காரர்தான். எல்லாரும் 'கண்ணகி நகர் கார்த்திகா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஊர்ப் பெயரைப் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டு நிற்கிறார். நானோ ஒரு வரைபடத்தில்கூட எழுதவில்லை.

சித்தப்பாவிடம் ஒரு கேள்வி கேட்டு வரச் சொன்னேன். 'சின்ன வயசுல எந்த ஊருன்னு கேட்டா அவரு என்ன சொல்வாராம்?'

மறுநாள் பதில் வந்தது. கொரியா சாரு சிரித்துவிட்டாராம். 'சொங்நாம்னு சொல்ல மாட்டேன். சியோல் பக்கத்துலன்னு சொல்லுவேன்' என்றாராம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேடவாக்கம் பக்கத்துல! அதே பொய். கடல் தாண்டியும் அதே பொய்.

'இப்ப என்னா சொல்வீங்கன்னு கேட்டேன் பாப்பா' என்றார் சித்தப்பா. 'இப்ப சொங்நாம்னுதான் சொல்றாராம். அம்மா செத்தப்புறம்தான் சொல்ல ஆரம்பிச்சாராம். அவங்க இருக்கும்போதே சொல்லியிருக்கலாம்னாரு.'

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. என் அம்மா தினமும் மெப்ஸ் பக்கம் தையல் வேலைக்கு வருகிறார். என்னைப் பள்ளியில் விட்டுவிட்டுத்தான் போகிறார். நம் பள்ளி வாசலில் யாராவது பேச்சுக் கொடுத்தால் நான் அவசரமாக அம்மா கையை இழுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவேன், அம்மா ஊர்ப் பெயரைச் சொல்லிவிடுவாரோ என்று. அம்மாவுக்கு அது தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஒரு நாளும் கேட்டதில்லை.

பெரும்பாக்கத்தில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. வேலைக்குத் தூரம். பழைய சிநேகிதர்கள் எந்த பிளாக்கில் இருக்கிறார்கள் என்றே தெரியாமல் போனவர்கள் உண்டு. ஆனால் வந்த அன்று தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத அந்தத் தளத்தில், இன்றைக்கு அம்மா வர நேரமானால் எதிர் வீட்டு ஆயா எனக்கு இட்லி கொண்டுவந்து கொடுக்கிறார். சாயங்காலம் கீழே பையன்கள் கால்பந்து ஆடும் சத்தம் ஆறு மாடிக்கும் கேட்கும். கட்டடத்தைக் கட்டுவதற்குத்தான் திட்டம் போட முடியும். ஊராக ஆக்குவது அங்கே போய் இருக்கிறவர்கள்தான். சொங்நாமுக்கு ஐம்பது வருடம் ஆனது. எங்களுக்குப் பத்து வருடம்தான் ஆகிறது.

பழைய வரைபடத்தைப் புதிதாக வரைந்து, டீச்சரிடம் உண்மையைச் சொல்லி, இந்தத் தாளுக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறேன். மேடவாக்கம் தாண்டிப் போங்கள். எட்டு மாடிக் கட்டடங்கள் தெரியும். ஆறாவது மாடியில் சிவப்புப் புள்ளி வைத்திருக்கும் ஜன்னல்தான் எங்கள் வீடு. வேப்ப மரத்தை எடுத்துவிட்டேன். எதிர் வீட்டு ஆயாவைச் சேர்த்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை யார் வேண்டுமானாலும் வரலாம். டாய்லெட் பேப்பர் எல்லாம் வேண்டாம். துணி சோப்பு வேணும்னா வாங்கிட்டு வாங்க, எங்கம்மா சந்தோஷப்படுவாங்க!