எஸ்கியூலைட் போதுமே!

லீவு கணக்கு பார்க்க ஒரு குட்டி ஆப். ஆபீஸ்ல இருக்கிற கொஞ்ச பேர்தான் திறப்பாங்க. அதுக்கு போஸ்ட்கிரஸ், ரெடிஸ், டாக்கர்னு எதுக்குங்க இவ்வளவு பெரிய படை?

எஸ்கியூலைட் போதும். ரிச்சர்ட் ஹிப் 2000-ல வெளியிட்டது. பப்ளிக் டொமைன், லைசென்ஸ் தொல்லையே இல்ல. உங்க போனுக்குள்ளயே ஓடிட்டிருக்கு. மொத்த டேட்டாபேஸும் ஒரே ஃபைல். ஒரு நேரத்துல ஒருத்தர்தான் எழுத முடியும்ங்கிறது உண்மைதான். ஆனா வால் (WAL) மோடை ஆன் பண்ணிட்டா, எழுதிட்டிருக்கும்போதே மத்தவங்க படிக்கலாம்.

பிடிக்காததும் இருக்கு. இன்டிஜர்னு அறிவிச்ச டேபிள் காலம்ல "நாளைக்கு"ன்னு எழுதினாலும் கேள்வி கேட்காம வாங்கி வெச்சுக்கும்! அதை உருவாக்கினவங்க இதை வசதிங்கிறாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். 2021-ல 3.37 பதிப்புலதான் இதைத் தடுக்கிற ஸ்ட்ரிக்ட் டேபிள் வந்துச்சு. கிரியேட் டேபிள் கடைசில அந்த ஒரு வார்த்தையைச் சேர்க்காம இப்ப நான் விடறதில்ல. ஃபாரின் கீயும் டீஃபால்ட்டா தூங்கும். ஒவ்வொரு கனெக்‌ஷன்லயும் ப்ராக்மா போட்டு எழுப்பணும் (இது கொஞ்சம் ஓவர்தான்).

பல சர்வர்லேருந்து எழுதணும்னா தாராளமா போஸ்ட்கிரஸுக்குப் போங்க. எஸ்கியூலைட் ஃபைலை நெட்வொர்க் டிரைவ்ல வெச்சு சமாளிக்கப் பார்க்காதீங்க. அங்க லாக்கிங் ஒழுங்கா வேலை செய்யலேன்னா ஃபைலே கெட்டுப்போயிடும்.