பத்தாவது படம்

என்னிடம் படித்த பிள்ளையொன்று அமெரிக்கக் கல்லூரியொன்றுக்கு விண்ணப்பித்தாள். படிக்க விரும்பியது இரசாயனம். ஆனாலும், விருப்பமானவர்கள் தம் சித்திரங்களையும் மேலதிகமாக இணைக்கலாமாம். ஸ்லைட்ரூம் என்ற இணையத்தளத்தில் 10 படங்கள் வரை ஏற்றலாம். ஒவ்வொன்றுக்கும் அளவு, ஊடகம், ஆண்டு குறிப்பிட வேண்டும்.

9 படங்களைத் தெரிந்து வைத்திருந்தாள். உம்மம்மா பன்பாய் இழைக்கும் படத்தைப் பத்தாவதாக நான் எடுத்துக் கொடுத்தேன். அதுதான் திறம் என்றேன்.

"வேணாம் சேர். அந்தக் கைய நீங்கதானே திருத்தினீங்க?"

எட்டாம் வகுப்பில், போட்டிக்கு அனுப்புமுன் அவள் வரைந்த விரல்களை அழித்து நானே வரைந்தது நினைவுக்கு வந்தது. பரிசும் கிடைத்தது. நான் மறந்திருந்தேன், அவள் மறக்கவில்லை.

ஒன்பதோடுதான் அனுப்பினாள்.

இப்போதெல்லாம் பிள்ளைகளின் தாளில் நான் பென்சில் வைப்பதில்லை. வேறு தாளில் வரைந்து காட்டுகிறேன்.