சேத்தூரில் ஒரு லாரி வைத்தியம்

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகிறவர்கள் ஆண்டாளைத் தரிசித்து, கையோடு பால்கோவாவும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிவிடுவது வழக்கம். நீங்கள் இன்னும் கொஞ்சம் தெற்கே வாருங்கள். ராஜபாளையத்து நூற்பாலைகளைத் தாண்டித் தென்காசி ரஸ்தாவில் சிறிது தூரம் போனால் சேத்தூர். மேற்குத் தொடர்ச்சி மலை வழித்துணைபோல் கூடவே வரும். மதுரை நாயக்கர் காலத்து 72 பாளையங்களில் ஒன்றாக இருந்து, பிறகு ஜமீனாக விளங்கிய ஊர் இது. பக்கத்துத் தேவதானத்தில் நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயில் கொண்டிருக்கிறார்.

இந்த ரஸ்தா திருமங்கலத்தில் தொடங்கி, செங்கோட்டை, புளியரை தாண்டி, ஆரியங்காவு மலைப்பாதை ஏறிக் கொல்லத்தில் போய் முடிகிறது. இரவும் பகலும் சரக்கு லாரிகள் கேரளத்துக்குப் போய் வரும் வழி. ஆகவே, இந்தப் பக்கத்தில் ஏதாவது ஒரு வீட்டு வாசலில் லாரியின் முகப்பைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு பேர் குனிந்து நிற்பதைக் கண்டால் ஆச்சரியப்படாதீர்கள். அநேகமாக அது டீசல் பம்பு விவகாரமாக இருக்கும்.

"அதெல்லாம் ஆண்கள் சமாசாரம்" என்கிறீர்களா? வண்டிச் சாவி அவர் கையில் இருக்கலாம். மாதத் தவணைக்குப் பணம் எடுத்து வைப்பது நீங்கள்தானே? சமவெளியில் சும்மா இருமிக்கொண்டு ஓடும் வண்டி, பாரத்தோடு மலை ஏறும்போது மூச்சை விட்டுவிடும். நடு இரவில், வளைவில், பின்னால் பத்து வண்டி நிற்கும்படி நேர்ந்தால் என்ன பாடு! ஆகையால் வைத்தியம் வாசலிலேயே நடந்துவிடுவது நல்லது.

முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். பழைய மாதிரி லாரியில் பம்பு இரண்டு. தொட்டியிலிருந்து டீசலை இழுத்துக் கொடுப்பது ஃபீட் பம்பு. அதை அளந்து, அழுத்தி, நாசில் வழியாக என்ஜினுக்குள் பீய்ச்சுவது பெரிய பம்பு. 1927-ல் ஜெர்மனியில் பாஷ் கம்பெனியார் இந்தப் பெரிய பம்பைத் தொழிற்சாலையில் செய்யத் தொடங்கிய பிறகுதான் டீசல் லாரிக்கு நல்ல காலம் பிறந்தது. நம் நாட்டில் அந்த வேலைக்கென்று 1951-ல் 'மைக்கோ' கம்பெனி ஏற்பட்டது.

காலையில் கிளம்பிய வண்டி சிறிது நேரத்தில் அணைந்து போகிறதா? மேட்டில் இழுவை இல்லையா? உடனே பம்பின் மேல் பழி போடாதீர்கள். வடிகட்டி அடைத்திருக்கலாம், குழாய் இணைப்பில் காற்று புகுந்திருக்கலாம். அவற்றைப் பார்த்த பிறகும் கைப்பம்பை அழுத்தினால் டீசல் வரவில்லையென்றால் ஃபீட் பம்பைச் சந்தேகிக்கலாம். சில வண்டிகளில் அதனுள் இருக்கும் சவ்வு கிழிந்து, டீசல் என்ஜின் ஆயிலில் கலந்துவிடும். அளவுக்கோலில் ஆயில் ஏறிக்கொண்டே போனால், டீசல் வாசனை அடித்தால், வண்டியை எடுக்கவே கூடாது. நீர்த்த ஆயில் என்ஜினையே தின்றுவிடும்.

ஃபீட் பம்பை வீட்டிலேயே மாற்றலாம். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பம்பைச் சுற்றியுள்ள அழுக்கை நன்றாகக் கழுவித் துடைத்த பிறகுதான் ஸ்பானரையே எடுக்க வேண்டும். கழற்றிய குழாய்களின் வாயைச் சுத்தமான மூடியால் அடைக்க வேண்டும். பழைய பேக்கிங்கைச் சுரண்டும்போது துணுக்கு உள்ளே விழக்கூடாது. பேக்கிங், காப்பர் வாஷர் எல்லாம் புதிதாகவே இருக்கட்டும். நட்டுகளை மாற்றி மாற்றிச் சமமாக இறுக்கியபின் காற்றெடுக்க வேண்டும். வடிகட்டியின் மேலுள்ள திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அழுத்தினால் முதலில் நுரை வரும். குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை விடாமல் அழுத்த வேண்டும்.

இத்தனை சுத்தம் எதற்கு? பெரிய பம்பின் உள் உறுப்புகளுக்கு நடுவே தலைமயிர் நுழையக்கூட இடமில்லை. அவற்றுக்கு எண்ணெய் போடுவதும் டீசலேதான். ஒரு சிட்டிகை மண், ஒரு கரண்டித் தண்ணீர் போதும், ஆயிரக்கணக்கில் செலவு வைக்க. ஊறுகாய் ஜாடியில் ஈரக்கரண்டி போட விடமாட்டீர்களே, அதே ஜாக்கிரதை இங்கும் வேண்டும்.

அந்தப் பெரிய பம்பை மட்டும் வாசலில் பிரிக்க வேண்டாம். டெஸ்ட் பெஞ்சில் வைத்து அளவு சரிபார்க்கும் பட்டறைக்குத்தான் அனுப்ப வேண்டும். இன்றைய புது லாரிகளில் இன்னும் எச்சரிக்கை தேவை. டயரில் இருக்கும் அழுத்தம் சுமார் 8 பார். இவற்றின் டீசல் குழாயிலோ 1,000 பாருக்கும் மேல்! ஓடும் என்ஜினில் கசிவைக் கையால் தடவிப் பார்த்தால், டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஊசி குத்தின அளவுதானே என்று மஞ்சளை அப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தாமதித்தால் விரலே போய்விடக்கூடும்.

பம்பு மாட்டியாயிற்று என்று உடனே பாரம் ஏற்றவும் வேண்டாம். வெறும் வண்டியாகச் சிவகிரி வரை ஒரு நடை போய் வரட்டும். வந்து என்ஜினை நிறுத்தியதும், இணைப்புகளை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் ஈரம் இல்லையென்றால், மறுநாள் தைரியமாக ஆரியங்காவுக்குச் சரக்கு ஏற்றலாம்.