வடக்கன்குளத்தில் விழுந்த சுவர்

அன்பு மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். போன வாரம் தொலைபேசியில் நீ கேட்டதற்கு அரைகுறையாகப் பதில் சொல்லிவிட்டு வைக்க எனக்கு மனம் வரவில்லை. "பேராயரை எதிர்த்து நம்ம ஜனமே தெருவில நின்னா, பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க அத்தை? பிடிக்கலைன்னா வேற சபைக்குப் போயிடலாமே?" என்று கேட்டாய். கனடாவிலேயே வளர்ந்த பிள்ளைக்கு அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் இந்தக் கோபத்துக்கு வயது அதிகம். அது தெரியாமல் இதைப் புரிந்துகொள்ள முடியாது.

நீ சொல்வது 2022-இல் நடந்தது. புதுச்சேரி-கடலூருக்குப் புதிய பேராயரை ரோம் அறிவித்தபோது தலித் கத்தோலிக்கர்கள் போராடினார்கள். வந்தவர் மீது அவர்களுக்குப் பகை கிடையாது. இந்தியாவின் 1.9 கோடிக் கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்று ஆயர் பேரவையே 2016-இல் தன் கொள்கை அறிக்கையில் எழுதியது. அப்படியானால் ஆயர் நாற்காலியில் எங்கள் பிள்ளைகள் ஏன் விரல் விட்டு எண்ணும்படி இருக்கிறார்கள் என்றுதான் கேட்டார்கள்.

கதை நானூறு ஆண்டுக்கு முன்னால் தொடங்குகிறது. 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி காவி உடுத்து, பிராமணச் சந்நியாசியைப் போல வாழ்ந்து, மேல்சாதியாரிடம் மறையைக் கொண்டுபோனார். மற்றச் சாதியாருக்காகப் பண்டாரசுவாமிகள் என்று வேறு குருக்கள் ஏற்பட்டார்கள். வேதம் ஒன்றுதான், ஆனால் அது வந்த வழி இரண்டாகிவிட்டது. 1703-இல் புதுச்சேரிக்கு வந்த திருத்தந்தையின் தூதர் தூர்னோன், 1704-இல், நோயில் கிடக்கும் பறையர் வீட்டுக்கும் குரு போய் அருட்சாதனம் கொடுக்க வேண்டும் என்று ஆணையிட்டார். யோசித்துப் பார், சாகக் கிடக்கிறவன் வீட்டுக்குச் சாமியார் போக ஓர் ஆணை தேவைப்பட்டது. அதன் மேலும் நாற்பது வருடம் வழக்காடினார்கள். 1744-இல் திருத்தந்தை 14-ஆம் பெனடிக்ட் முடிவு சொன்னபோது, ஒடுக்கப்பட்டோருக்கென்று தனியாகக் குருக்களை ஒதுக்கும் ஏற்பாட்டுக்கு இடம் கிடைத்தது.

இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்ச்சியும் நம் வரலாற்றில் உண்டு. அதைத்தான் நீ மறக்கக் கூடாது. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம். 1872-இல் அங்கே எழுந்த கோவிலுக்கு இரண்டு கைகள். ஒன்றில் வெள்ளாளர், மற்றதில் நாடார். இருவருக்கும் பீடம் தெரியும், ஒருவருக்கொருவர் முகம் தெரியாது. 1910-இல் கௌசானல் சாமியார் இருவரையும் பிரித்த தடுப்புச் சுவரை இடித்தார். வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் அன்றைய திருச்சி ஆயர் மேல் வழக்குத் தொடுத்தார்கள். அது சென்னை உயர் நீதிமன்றம் வரை போயும் அவர்கள் கேட்ட உரிமை கிடைக்கவில்லை. கோவிலுக்குள் பிரித்து உட்கார வைக்க மாட்டேன் என்று திருச்சபை உறுதியாக நின்றபோது, வெள்ளைக்காரன் நீதிமன்றமும் அதன் பக்கமே நின்றது. அதனால் "எங்களால் முடியாது, ஊர்க் கட்டுப்பாடு, சட்டச் சிக்கல்" என்று இன்று ஓர் ஆயர் சொல்லும்போது எனக்கு வடக்கன்குளம் ஞாபகம் வருகிறது. நூறு வருடத்துக்கு முன்னால் முடிந்திருக்கிறது.

எழுத்தில் நம் ஆயர்கள் குறை வைக்கவில்லை. 1982-இல் திருச்சியில் கூடிய இந்திய ஆயர் பேரவை, சாதிக்குக் கிறிஸ்தவத்தில் இடமே இல்லை, அது கிறிஸ்தவத்தையே மறுப்பது என்று அறிவித்தது. அதே திருச்சி நகரத்தில், மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித்துகளின் கல்லறைகளைப் பிரிக்கும் சுவர் அதன் பிறகும் பல ஆண்டு நின்றது. 1990-இல் தமிழக ஆயர்கள் தலித் கிறிஸ்தவர்களுக்காகப் பத்து அம்சத் திட்டம் கொடுத்தார்கள். 2003 நவம்பரில் தமிழக ஆயர்கள் ரோமுக்குப் போனபோது, திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவர்களிடமே சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசினார். 2004-இல் எட்டு அம்சத் திட்டம். அதற்கு நான்கு வருடம் கழித்து எறையூர்.

எறையூரை நீ அறிந்திருக்க மாட்டாய், அப்போது நீ சின்னப் பிள்ளை. அன்றைய விழுப்புரம் மாவட்டம், ஜெபமாலை அன்னை ஆலயம். வன்னியர், தலித் இரு தரப்பும் கத்தோலிக்கர்கள்தான். பெரிய கோவிலிலும் கல்லறைக்குப் போகும் பாதையிலும் தலித்துகளுக்குத் தடை. எங்களைத் தனிப் பங்காக ஆக்கிக் கொடுங்கள் என்று அவர்கள் கேட்டார்கள். சமமாக நடத்தச் சொல்லிக் கேட்டு அலுத்துப்போன சனம் கடைசியில் பிரித்தாவது விடுங்கள் என்கிறது. எனக்கு இதைவிட வேதனையான கோரிக்கை தெரியாது. 2008 மார்ச்சில் கலவரம் வெடித்து, தலித் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கிறிஸ்தவர் இருவர் செத்தார்கள். அந்த இருவருக்காகவும் நான் செபித்திருக்கிறேன். சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லியிருந்தால் அவர்களும் இருந்திருப்பார்கள்.

ஆயர்கள் ஏன் தயங்குகிறார்கள்? கோவிலுக்கு நிலம் கொடுத்தவர்கள், திருவிழா மண்டகப்படி வைத்திருப்பவர்கள், தேரை எந்தத் தெரு வரை இழுப்பது என்று தீர்மானிக்கிறவர்கள் பல பங்குகளில் ஒரே சாதி. அவர்களைப் பகைத்தால் கோவிலைப் பூட்டிவிடுவார்கள், ஆள் வேறு சபைக்குப் போய்விடும் என்ற பயம். சாமியார்களில் பலரும் அந்தச் சாதிகளில் பிறந்தவர்களே. நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும்: தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதி உரிமையை மறுக்கும் 1950-ஆம் ஆண்டு ஆணையை எதிர்த்து 2013 டிசம்பரில் டெல்லியில் ஊர்வலம் போன ஆயர்களும் குருக்களும் கன்னியர்களும் போலீஸிடம் அடி வாங்கினார்கள். அதை நான் நன்றியோடு நினைக்கிறேன். ஆனால் அரசாங்கத்திடம் கேட்கும் நியாயத்தைத் தன் கல்லறைத் தோட்டத்தில் கொடுப்பதற்கு எந்த அமைச்சரின் கையெழுத்தும் வேண்டாமே.

நீ இருக்கும் நாட்டில் பிடிக்காத தலைவரை ஓட்டுப் போட்டு மாற்றுவீர்கள். இங்கே ஆயர் வருவது வேறு விதம். மூன்று வருடத்துக்கு ஒரு முறையாவது மறைமாநில அளவில் ஆயர்கள் கூடி, தகுதியான குருக்களின் பட்டியலை இரகசியமாகத் தயாரிப்பார்கள். டெல்லியில் இருக்கும் திருத்தந்தையின் தூதர் இரகசியமாக விசாரிப்பார். விரும்பினால் பொதுநிலையினர் சிலரையும் கேட்கலாம். மூன்று பெயர் ரோமுக்குப் போகும். அறிவிப்பு வரும் நாளில்தான் நமக்கு ஆள் யார் என்று தெரியும். பிறகு பொதுவாக எழுபத்தைந்து வயது வரை அவர்தான். பங்குப் பேரவை ஆலோசனை சொல்லலாம், முடிவு செய்ய முடியாது. எப்போதும் இப்படி இருந்ததில்லை, கண்ணு. 374-இல் மிலான் மக்கள் குரல் கொடுத்து, இன்னும் திருமுழுக்குப் பெறாத அம்புரோசை ஆயராக்கினார்கள். மயிலாப்பூருக்கு ஆயரை முன்மொழியும் உரிமையோ 1950 வரை போர்ச்சுகல் அரசுக்கு இருந்தது! கடல் கடந்த அரசுக்கு இருந்த உரிமை, இங்கே ஒரு பங்கில் பிறந்து அதே பங்கில் புதையும் சனத்துக்கு இல்லை.

வேறு சபைக்குப் போகலாமே என்கிறாய். போனவர்கள் உண்டு, அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கன்னியர் மடத்தை விட்டு வெளியே வந்த பாமா 1992-இல் 'கருக்கு' எழுதியபோது, எங்கள் பெண்கள் பலர் தங்கள் கதையையே அதில் படித்தார்கள். ஆனால் உன் தாத்தா உபதேசியாராக இருந்து ஊர் ஊராக நடந்து செபம் சொல்லிக் கொடுத்த சபை இது. ஆயரை எதிர்த்து நிற்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைப் பூசையைத் தவறவிடாதவர்கள். சபை தங்களுடையது என்று நம்புவதால்தான் நிற்கிறார்கள்.

பலன் கிடைத்ததும் உண்டு. தேவசகாயம், 1745-இல் அதே வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, 1752-இல் ஆரல்வாய்மொழியில் சுட்டுக் கொல்லப்பட்டவர். எல்லாச் சாதியாரோடும் கலந்து உண்டு பழகியவர். 2012-இல் அவரை அருளாளராக்கியபோது 'பிள்ளை' என்ற சாதிப் பட்டமும் கூடவே ஒட்டியிருந்தது. ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒருவர் உட்படப் பொதுநிலையினர் வத்திக்கானுக்கு விடாமல் எழுதினார்கள். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டபோது அந்தப் பட்டம் இல்லை. அதே வருடம் ஆகஸ்டில் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினால் ஆனார்.

திருச்சபைச் சட்டத்தின் 212-ஆம் பிரிவு, சபையின் நன்மை குறித்துத் தன் கருத்தை மேய்ப்பருக்குத் தெரிவிப்பது விசுவாசியின் உரிமை, சில வேளை கடமையும் கூட என்கிறது. அதை மேற்கோள் காட்டி நாங்களும் ஒரு மனு எழுதியிருக்கிறோம். பொதுக் கல்லறை, தேர் எல்லாத் தெருவுக்கும் வருவது, 2016 கொள்கையில் நம் மறைமாவட்டம் எதையெல்லாம் நிறைவேற்றியது என்ற எழுத்துபூர்வமான பதில், இவ்வளவுதான் கேட்டிருக்கிறோம். கல்லறைத் திருநாள் கழிந்ததும் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். நீ திருமுழுக்குப் பெற்றது இங்கேதான். பங்குப் பதிவேட்டில் உன் பெயர் இருக்கிறது. உனக்குச் சம்மதமென்றால் கையெழுத்துப் போட்டு அப்பாவிடம் கொடுத்து அனுப்பு.

அன்புடன்,
அத்தை