மறைபேழை வேட்டை

தொலைந்த பொருளைத் தேடுவது துன்பம். மறைத்து வைத்த பொருளைத் தேடுவதோ இன்பம். செம்பனைத் தோட்டமொன்றில் கிராணியாயிருந்து, காலைப் பெரட்டு முதல் மாலை வரை ஏடுகளுக்குள் தலை கவிழ்ந்திருக்கும் எனக்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் அவ்வின்பத்தை நல்குவது மறைபேழை வேட்டையாகும். ஆங்கிலம் அறிந்தோர் இதனை ஜியோகேஷிங் என்பர்.

இதன் வரலாறு நெடியதன்று. விண்ணிற் சுற்றும் ஜி.பி.எஸ். துணைக்கோள்களின் குறிகளைப் பொதுமக்களுக்கு வேண்டுமென்றே பிழைபட வழங்கிவந்த அமெரிக்க அரசாங்கம், 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அப்பிழையை நீக்கிற்று. உடனே, மே 3ஆம் நாள், டேவ் உல்மர் என்பார் ஆரிகன் மாநிலத்துப் பீவர்கிரீக் என்னும் ஊரருகே ஒரு வாளியிற் சில பொருள்களை இட்டு மறைத்து, அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகைகளை இணையத்தில் அறிவித்தார். இன்று உலகெங்கும் முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட பேழைகள் உள.

பேழைக்குள் பொன்னும் மணியும் இரா. ஒரு சிறு குறிப்பேடு இருக்கும். அதிற் பெயரெழுதுவதே பரிசு. தேடுதலின் அருமையையும் நிலத்தின் கடுமையையும் 1 முதல் 5 வரை எண்ணாற் குறிப்பர். சாலையோரப் பேழைகளைக் கண்டோர் பலர். அவற்றிற் பெருமை சிறிது. ஆனால், விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே கண்ட பேழையொன்று அண்மையில் இருக்கிறதென்று கேட்டால், வேட்டைக்காரனுக்கு உறக்கம் வாராது.

அத்தகைய பேழையொன்று பேராக்கில் ஒரு சுண்ணாம்புக் குன்றின் அடியில் இருந்தது. ஏழாண்டுகளில் மூவரே அதனைக் கண்டிருந்தனர். நான் புறப்படுவதை அறிந்த எங்கள் முதிய மண்டோர், "கிராணி ஐயா, புதையலென்றால் மை போட்டுப் பாருங்கள், எனக்குத் தெரிந்த ஆள் இருக்கிறார்," என்றார். "மை எதற்கு அண்ணே? நான்கு துணைக்கோள்கள் போதும்," என்றேன்.

அச்செருக்கைக் குன்று அடக்கிற்று. இடத்தைக் கணிக்கக் குறைந்தது நான்கு துணைக்கோள்களின் குறிகள் வேண்டும். பாறைச்சுவரோ பாதி வானத்தை மறைத்தது. வந்த குறிகளும் பாறையிற் பட்டுத் தெறித்தமையால், கைப்பேசியிலிருந்த புள்ளி என்னை முப்பதடி இப்பாலும் அப்பாலும் அலைக்கழித்தது. 'வேர் அணைத்த கல்' என்பது தரப்பட்டிருந்த துப்பு. அங்கே வேர் அணையாத கல்லே இல்லை! கொசுவுக்குக் குருதி ஈந்ததே இரண்டு ஞாயிறுகளின் பயன்.

மூன்றாம் ஞாயிறு, சருகுக்கிடையே உடைந்த பிளாஸ்டிக் மூடியொன்று கிடைத்தது. பேழை அழிந்ததென்றே முடிவு செய்தேன். என் பையில் ஒரு சிறு டப்பா இருந்தது, பேனாவும் இருந்தது. டப்பாவுக்குள் புதுத்தாள் வைத்து, அதில் என் பெயரை எழுதி, அங்கேயே மறைத்து, 'கண்டேன்' என்று அறிவித்துவிடலாம். இப்படிச் செய்வோர் இல்லாமலில்லை. யார் அறியப் போகிறார்?

பேனாவைத் திறந்தபொழுது பழைய காலையொன்று நினைவுக்கு வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மழைநாட் பெரட்டில், முகங்களை நிமிர்ந்து பாராமலே செக்ரோலை நிரப்பினேன். வந்து நின்ற ஓர் அம்மாளுக்கு 'வரவில்லை' என்று விழுந்தது; ஒருநாட் கூலி போயிற்று. சம்பள நாளன்று அவர் என் மேசைமுன் வந்து, "நான் வந்து நின்றது பொய், ஐயா எழுதினது மெய்யா?" என்று கேட்டார். கூலியைப் பின்னர்த் திருத்திக் கொடுத்தோம். அவ்வினாவுக்கு நான் விடை சொல்லவேயில்லை.

நின்றவரை இல்லையென்று எழுதிய கை, இல்லாததை உண்டென்றும் எழுதுவதா? என் பொய்யை நம்பி, எங்கிருந்தோ ஒருவர் தம் விடுமுறையைச் செலவிட்டு வந்து, என் டப்பாவைக் கண்டு மகிழ்ந்து போவார். பேனாவை மூடினேன். அன்றிரவு 'காணவில்லை' என்றே இணையத்தில் எழுதி, மூடியின் படத்தையும் இட்டேன்.

மறைத்து வைத்தவரிடமிருந்து மறுநாள் விடை வந்தது: "அம்மூடி என்னுடையதன்று, என் பேழை இரும்பு. நிலத்தையே பார்த்துக் கொண்டிராதீர்கள்."

நான்காம் ஞாயிறு நிமிர்ந்து பார்த்தேன். குன்றின்மேல் நின்ற ஆலமரமொன்றின் வேர்கள் பாறைவழியே இறங்கி, என் தலைக்குமேல் ஒரு முழ உயரத்தில் ஒரு கல்லை அணைத்திருந்தன. அதன் பின்னே கையை விட்டேன். குளிர்ந்த இரும்பு தட்டுப்பட்டது. அக்கணத்து என் நெஞ்சு துடித்த துடிப்பைச் சொல்ல எனக்கு மொழியில்லை. ஈரம் ஊறிய ஏட்டில் மூன்று பெயர்கள் இருந்தன. கை நடுங்க அவற்றின்கீழ் என் பெயரை எழுதினேன்.

மறுநாட் பெரட்டில், "புதையலில் என்ன இருந்தது?" என்றார் மண்டோர்.

"மூன்று பெயர்கள்."

"அவ்வளவுதானா?"

"இப்பொழுது நான்கு, அண்ணே," என்று கூறி, செக்ரோலைத் திறந்து, முதற்பெயரை அழைத்து, நிமிர்ந்து பார்த்தேன்.