தள்ளாடிய பூனை

சென்ற ஐப்பசியில் ஒரு காலை, எங்கள் வீட்டுப் பூனை பின்கால்கள் பின்ன, கள்ளுண்டவர்போல் சரிந்து சரிந்து நடந்து வந்தது. நொய்யல் கரையில் குடியிருப்பவர்க்கு எதற்கும் முதலில் சாயக்கழிவே நினைவுக்கு வரும். 2011-இல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன நாள்களை மறந்தவர்கள் அல்லர் நாங்கள். போதாக்குறைக்கு, ஜப்பானின் மினமாட்டாவில் 1956-இல் மனிதரிடம் கண்டறியப்பட்ட பாதரச நோய், மீன் தின்ற பூனைகளை முன்பே ஆட்டிவைத்த கதையையும் படித்துத் தொலைத்திருக்கிறோம்.

கால்நடை மருத்துவர் ஆற்றைப் பற்றிக் கேட்கவேயில்லை. காதுக்குள் பார்த்தார். உட்காதில் சீழ், பச்சை மீனே உணவானால் வரும் தயமின் குறைவு, தாயின் கருவிலேயே தொற்றிச் சிறுமூளையைக் குன்றவைக்கும் வைரஸ் எனக் காரணங்கள் பலவாம். பிறகு, "வீட்டுல நாய் இருக்குதுங்களா?" என்றார.

இருந்தது. அதன் உண்ணிக்கு வாங்கிய சொட்டுமருந்தின் மிச்சத்தை, வீணாக்க மனமின்றி, முந்தின இரவு பூனையின் பிடரியிலும் விட்டிருந்தோம். அதிலுள்ள பெர்மெத்ரினை நாய் தாங்கும். பூனையின் கல்லீரலுக்கு அதை முறிக்கும் திறன் மிகக் குறைவு. சோப்புநீரில் கழுவி, நடுக்கத்துக்கு ஊசி போட்டு, இரண்டு நாள் அங்கேயே வைத்துக்கொண்டார்.

வீடு திரும்பியதும் அது நேராக நாயின் முதுகோடு ஒட்டிப் படுக்கப் போனது. அங்கே இன்னும் மருந்து வாடை. தூக்கிக்கொண்டு போய் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினோம். இரவெல்லாம் கதவைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது.